அத்தை, நான் லைப்ரரியில் இருக்கிறேன்!

மேலூரிலிருந்து ஒரு மாமியார் கடிதம் எழுதியிருக்கிறார். படித்துவிட்டு முதலில் சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை, யோசனைதான் வந்தது. கடிதத்தின் முக்கியமான பகுதி இதுதான்:

"என் மருமகள் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிறாள். நல்ல பெண். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குக் குழந்தையைத் தூங்கப் பண்ணிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தால், பதினோரு மணி வரைக்கும் அதை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. 'என்னம்மா செய்கிறாய்?' என்று கேட்டால், 'அத்தை, நான் லைப்ரரியில் இருக்கிறேன்' என்கிறாள். கூடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டு லைப்ரரியில் இருக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? எங்கள் காலத்தில் லைப்ரரி என்றால் ஒரு கட்டிடம் இருந்தது. அதற்குப் பூட்டு இருந்தது. ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். இந்த லைப்ரரிக்குப் பூட்டே கிடையாதா?"

முதலில் அந்த அம்மாளுக்கு ஒரு சமாதானம் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருமகள் பொய் சொல்லவில்லை, அம்மா. அவள் லைப்ரரியில்தான் இருக்கிறாள். அதற்குப் பூட்டும் உண்டு, சாவியும் உண்டு. அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது, எத்தனை நாளைக்கு இருக்கிறது என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

* * *

மதுரையிலிருந்து தேனி போகிற சாலையில், நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டினால் பல்கலை நகர் வரும். 1966-ல் மதுரைப் பல்கலைக் கழகம் என்று ஆரம்பித்து, 1978-ல் காமராசர் பெயரைச் சூட்டிக்கொண்ட பல்கலைக் கழகம் அங்கேதான் இருக்கிறது. அதன் முதல் துணைவேந்தர் பேராசிரியர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். அங்கே உள்ள நூல் நிலையத்துக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் மேலூரில் இருக்கிற ஒரு பெண் அந்த நூல் நிலையத்தில் ஒரு விஷயம் பார்க்க வேண்டுமானால் என்ன செய்வாள்? காலையில் சமையலை முடித்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறுவாள். நகரத்துக்குள் இன்னொரு பஸ். அங்கிருந்து பல்கலை நகருக்கு மூன்றாவது பஸ். போய்ச் சேருவதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். அட்டவணைப் பெட்டியில் சீட்டுகளைப் புரட்டி, நம்பரைக் குறித்துக் கொடுத்து, புத்தகம் வருவதற்குக் காத்திருந்து, நாலு பக்கம் நோட்டில் எழுதிக்கொண்டு நிமிர்ந்தால் மணி நாலு. பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தை வந்திருக்குமே என்று ஓட வேண்டியதுதான்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வரக்கூடாதா என்று கேட்கலாம். கதைப் புத்தகமானால் கொடுப்பார்கள். அகராதி, கலைக்களஞ்சியம், பொருளடைவு, ஆராய்ச்சிப் பத்திரிகைகளின் பழைய தொகுதிகள் ஆகியவற்றை இரவல் கொடுக்கிற வழக்கம் கிடையாது. அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். இவற்றை மேற்கோள் நூல்கள் என்பார்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை யாரும் இவற்றைப் படிப்பதில்லை. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி மாதிரிதான். திறந்து, வேண்டியதை ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறோம். ஆனால் அது இல்லாமல் ஒரு நாளும் சமையல் நடக்காது.

* * *

மேற்கோள் நூல் சமாசாரத்தில் மதுரைக்குப் பழைய சம்பந்தம் உண்டு. பாண்டித்துரைத் தேவர் ஒரு சமயம் மதுரைக்குச் சொற்பொழிவு செய்ய வந்திருந்தாராம். பார்ப்பதற்குத் திருக்குறள் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டாராம். ஊரெல்லாம் தேடியும் எளிதில் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். சங்கம் வளர்த்த மதுரையில் இப்படியா என்று மனம் நொந்துதான் 1901-ல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை அவர் தொடங்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்தச் சங்கம் 1910-ல் ஒரு பெரிய காரியம் செய்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற தமிழாசிரியர் வருஷக் கணக்கில் தனி ஆளாக உட்கார்ந்து தொகுத்த 'அபிதான சிந்தாமணி'யை அச்சிட்டு வெளியிட்டது. புராணப் பெயர், புலவர் பெயர், ஊர்ப் பெயர், மருந்துப் பெயர் எல்லாவற்றையும் அகர வரிசையில் விளக்குகிற புத்தகம் அது. தமிழில் அப்படி ஒரு நூல் வருவதற்கு அவர் பட்ட பாட்டில் பாதி, அச்சுப் போடப் பணம் தேடிய பாடு!

அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1913-ல், தமிழ்ப் பேரகராதி வேலை ஆரம்பமாயிற்று. அதற்கு முதல் பதிப்பாசிரியராக இருந்தவர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் பாதிரியார். பின்னால் 1926-ல் எஸ். வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்றார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள் வெளிவந்தன. ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக் கழகத்தின் வெளியீடு. ஆறு தொகுதிகளையும் விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

இன்றைக்கு அந்த ஆறு தொகுதிகளும் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக் கழகத்தின் தென்னாசிய மின்னூலகத்தில் இருக்கின்றன. காசு கேட்பதில்லை. சொல்லைத் தட்டினால் பொருள் வருகிறது. வின்சுலோ அகராதி, பப்ரிசியஸ் அகராதி இரண்டையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். மதுரைப் பாதிரியார் ஆரம்பித்து வைத்த அகராதியை மேலூரில் இருக்கிற பெண் சிகாகோ வழியாகப் பார்க்கிறாள்!

* * *

இனி, அந்த மருமகள் ராத்திரியில் என்னதான் செய்கிறாள் என்று பார்க்கலாம்.

அவள் மதுரை மல்லியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த பூ அல்லவா? மார்கழி, தை மாசத்தில் விலை ஏன் அப்படி ஏறுகிறது என்று மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கேட்டால், "குளிருக்குப் பூக்காதும்மா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். வாஸ்தவம்தான். ஆனால் குளிருக்கு ஏன் பூப்பதில்லை? கவாத்து செய்கிற காலத்தை மாற்றினால் பூக்குமா? மொட்டுப் புழுவுக்கு மருந்து அடித்தால், பறிக்கிற பெண்களின் கைக்குக் கெடுதல் உண்டா? இதற்கெல்லாம் பதில் ஒரே புத்தகத்தில் இராது. கோயம்புத்தூரில் ஒருவர் எழுதியிருப்பார், பெங்களூரில் ஒருவர் எழுதியிருப்பார், சீனாவில் ஒருவர் எழுதியிருப்பார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பத்திரிகையில், ஒவ்வொரு வருஷத்தில் வந்திருக்கும். இத்தனையையும் சேர்த்து வைத்து, ஆசிரியர் பெயர், தலைப்பு, வருஷம், சுருக்கம் என்று பிரித்து அடுக்கி, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற ஏற்பாட்டுக்குத்தான் தகவல் தளம் என்று பெயர். பழைய அட்டவணைப் பெட்டியின் பேத்தி என்று சொல்லலாம். பாட்டி புத்தகம் இருக்கிற இடத்தை மட்டும் சொல்வாள். பேத்தி புத்தகத்தையே கையில் கொண்டுவந்து கொடுக்கிறாள்.

ஆனால் அவளிடம் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். தமிழில் 'மல்லி' என்று தட்டினால் கொத்தமல்லி வந்து நிற்கும். ரசத்துக்கு உதவும், ஆராய்ச்சிக்கு உதவாது. ஆங்கிலத்தில் 'ஜாஸ்மின்' என்று தட்டினால் தாய்லாந்து ஜாஸ்மின் அரிசி வரும். சீன தேசத்துத் தேயிலை வரும். போதாக்குறைக்கு ஜாஸ்மின் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற ஆராய்ச்சியாளர்கள் அத்தனை பேரும் வருவார்கள். 'ஜாஸ்மினம் சம்பக்' என்று தாவரவியல் பெயரைத் தட்டினால்தான் நம் மதுரை மல்லி வரும். அதற்குப் பிறகும் ஐந்நூறு கட்டுரை வந்தால் மலைத்துப் போகக்கூடாது. 'பூக்கும் பருவம்' என்று இன்னொரு சொல்லைச் சேர்க்க வேண்டும். கடைசிப் பத்து வருஷம் போதும் என்று வரம்பு கட்ட வேண்டும். அப்புறம் சுருக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, அரிசியில் கல் பொறுக்குவது போல் பொறுக்க வேண்டும். ஐந்நூறு ஐம்பதாகி, ஐம்பது ஐந்தாகும். அந்த ஐந்தைத்தான் உட்கார்ந்து படிக்கிறாள். ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை இதுதான் நடக்கிறது. பார்க்கிறவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும்!

* * *

இதற்கு யார் பணம் கட்டுகிறார்கள்? வீட்டு நிர்வாகம் பண்ணுகிற நாம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது.

ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பதிப்பகங்களின் கையில் இருக்கின்றன. சந்தா இல்லாமல் ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க வேண்டுமானால், முப்பது டாலர், நாற்பது டாலர் என்று கேட்கிற பத்திரிகைகள் உண்டு. நம் பணத்தில் மூவாயிரம் ரூபாய் சுமாருக்கு! ஒரு கட்டுரைக்கு ஒரு மாசத்து மளிகைப் பணம் போய்விடும். ஒவ்வொரு பல்கலைக் கழகமும் தனித் தனியாகச் சந்தா கட்டினால் கட்டுப்படியாகாது. ஆகவே தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மொத்த விலைக்கு அரிசி மூட்டை பிடிக்கிற மாதிரி, கல்வி நிலையங்கள் ஒன்று சேர்ந்து வாங்க ஆரம்பித்தன. இந்தக் கூட்டுக் கொள்முதலை நடத்துவது குஜராத்தில் காந்திநகரில் இருக்கிற இன்ஃப்லிப்நெட் என்ற மத்திய நிலையம். பல்கலைக் கழக மானியக் குழு 1991-ல் ஆரம்பித்து வைத்த திட்டம் அது. 2010-லிருந்து என்-லிஸ்ட் என்ற ஏற்பாட்டின் மூலம், சிறு தொகை கட்டிச் சேருகிற சாதாரணக் கலைக் கல்லூரிகளின் மாணவ மாணவிகளுக்கும் மின் புத்தகங்களும் பத்திரிகைகளும் வந்து சேர்ந்தன.

2024 நவம்பர் 25-ல் மத்திய மந்திரி சபை இன்னும் பெரிய மூட்டை ஒன்றைப் பிடிக்க முடிவு செய்தது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று பெயர். 2025, 2026, 2027 ஆகிய மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 பத்திரிகைகள். மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் இருக்கிற பல்கலைக் கழகங்கள், கல்லூரிகள், மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்கள் என்று 6,300-க்கு மேற்பட்ட இடங்கள். பயன் பெறக்கூடியவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் பேர்.

ஆறாயிரம் கோடி என்றதும் மூச்சு முட்டுகிறதல்லவா? பென்சிலை எடுத்து வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு 2,000 கோடி. ஒரு கோடியே எண்பது லட்சம் பேருக்குப் பங்கு போட்டால், தலைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,100 ரூபாய். தனிக் கட்டுரை ஒன்றின் விலையில் பாதிகூட இல்லை. ஆனால் அந்தக் கணக்கு, எல்லாரும் படித்தால்தான் சரியாக வரும். சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டால், ஆறாயிரம் கோடியும் ஆணியில் மாட்டிய மாதிரிதான்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. புத்தகம் வாங்கினால் அது நம் சொத்து. சந்தா என்பது வாடகை. கட்டுகிற வரைக்கும் குடியிருக்கலாம். நிறுத்தினால் காலி செய்ய வேண்டியதுதான். அலமாரியில் இருக்கிற புத்தகத்தைப் பேரன் எடுத்துப் படிப்பான். வாடகைக்கு எடுத்த பத்திரிகையை அவனுக்கு விட்டுவிட்டுப் போக முடியாது.

* * *

இப்போது மேலூர் அம்மாள் கேட்ட பூட்டைப் பற்றி.

பல்கலைக் கழக வளாகத்துக்குள் இருக்கிற கம்ப்யூட்டரிலிருந்து தேடினால், 'இது நம் சந்தாதாரர்' என்று பதிப்பகத்தின் வாசல்காரன் அடையாளம் கண்டுகொண்டு கதவைத் திறந்துவிடுகிறான். வீட்டிலிருந்து தேடினால் அவனுக்கு ஆள் தெரியாது. ஆகவே நூல் நிலையம் அந்த மாணவிக்கு ஒரு பயனர் பெயரும் ஒரு ரகசியச் சொல்லும் கொடுக்கிறது. அதைச் சொன்னால் வீட்டுக் கூடத்திலிருந்தே உள்ளே போகலாம். அந்த இரண்டு வார்த்தைதான் சாவி.

மேலூரிலும், உசிலம்பட்டியிலும், வாடிப்பட்டியிலும் குடித்தனம் பண்ணுகிற பெண்களுக்கு இந்தச் சாவி எவ்வளவு பெரிய உபகாரம் என்பது, மூன்று பஸ் மாறிப் போனவர்களுக்குத்தான் தெரியும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் போய்வர முடியாது என்பதற்காகவே ஆராய்ச்சியைப் பாதியில் விட்ட பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு மூளை குறைவில்லை, ஆசையும் குறைவில்லை. பஸ்தான் குறுக்கே வந்தது. மேலூர் அம்மாளே, உங்கள் மருமகளுக்கு அந்த இடைஞ்சல் தீர்ந்தது. மீதி இருப்பது அந்த இரண்டு மணி நேரம். அதை நூல் நிலையம் கொடுக்க முடியாது. நீங்கள்தான் கொடுக்க முடியும். குழந்தை சிணுங்கினால் ஒரு நாளைக்கு நீங்கள் எழுந்து தட்டிக் கொடுங்கள். இன்னொரு நாளைக்கு உங்கள் மகன் எழுந்திருக்கட்டும். அவருக்கும் கை இருக்கிறது.

* * *

"எங்கள் வீட்டில் பல்கலைக் கழகத்துக்குப் போகிறவர்கள் யாரும் இல்லையே, எங்களுக்கு என்ன?" என்று சில சகோதரிகள் கேட்பீர்கள். பூட்டே இல்லாத கதவுகளும் இருக்கின்றன. பெயரைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ தட்டினால் போதும், செல்போனிலேயே வந்துவிடும்.

முதலாவது, கலைக்களஞ்சியம். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருக்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அதன் பிறகு குழந்தைகளுக்கென்றே இன்னும் பத்துத் தொகுதிகள் வந்தன. இரண்டையும் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். பழைய புத்தகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜனத்தொகையையும் ராக்கெட்டையும் அதில் பார்க்கக்கூடாது. ஆனால் கோயில் சிற்பம், பறவை, செடி கொடி, இலக்கணம் என்று குழந்தைகள் கேட்கிற கேள்விகளுக்கு இன்றைக்கும் அதைப் போல் நிதானமாகப் பதில் சொல்கிறவர்கள் குறைவு. அதே கல்விக் கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் பழைய புத்தகங்களும் பத்திரிகைகளும் ஆயிரக் கணக்கில் இருக்கின்றன.

இரண்டாவது, மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று ஆரம்பித்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்க, பல நாட்டிலும் இருக்கிற தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். சங்கம் இருந்த ஊர் என்பதற்காக நம் ஊரின் பெயரை வைத்தார்கள். பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தேடிய திருக்குறள், இப்போது மதுரை என்ற பெயரிலேயே உலகமெல்லாம் கிடைக்கிறது.

மூன்றாவது, சோத்கங்கா. இந்தியப் பல்கலைக் கழகங்களில் டாக்டர் பட்டத்துக்குக் கொடுத்த ஆராய்ச்சி நூல்களின் களஞ்சியம் இது. ஆராய்ச்சி நூல்களை மின் வடிவத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று மானியக் குழு 2009-ல் விதி செய்தது. இப்போது ஐந்து லட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. மதுரைப் பல்கலைக் கழகத்து ஆராய்ச்சிகளும் அங்கே இருக்கின்றன. முன்பெல்லாம் ஒரு பெண் ஐந்து வருஷம் உழைத்து எழுதியதை, பரீட்சகர்களும் நூல் நிலையத்துக் கரையானும் மட்டும்தான் படித்தார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நீங்கள் கட்டுகிற சேலையைப் பற்றி, உங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேடிப் பாருங்கள். நாவலைவிடச் சுவாரசியமாக இருக்கும்.

நான்காவதைக் கடல் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டும். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கொளுத்தினார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றில் சில, வேறெங்கும் பிரதி இல்லாதவை. அந்த வேதனையை அறிந்த ஈழத்துத் தமிழர்கள் 2005-ல் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்துச் சேர்த்துவருகிறார்கள். வீட்டிலிருந்து படிக்கலாம் என்ற சௌகரியத்துக்காக மட்டும் இவை ஏற்பட்டவை அல்ல. பத்து இடத்தில் பிரதி இருந்தால் ஒரு தீக்குச்சி போதாது.

* * *

பெண்களுக்கு அவசரமாக வேண்டிய இன்னொரு கதவும் இருக்கிறது.

காலையில் செல்போனைத் திறந்தால், 'இந்தக் கஷாயத்தை ஏழு நாள் குடித்தால் சர்க்கரை வியாதி போய்விடும், மாத்திரையை நிறுத்திவிடலாம்' என்று ஒரு செய்தி வருகிறது. அனுப்பியவர் நல்லவர், நம் ஒன்றுவிட்ட அத்தையாகக்கூட இருப்பார். ஆனால் அதை முதன்முதலில் எழுதியது யார்? எந்த வருஷம்? எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? ஒன்றும் இராது. இதை நம்பி மாத்திரையை நிறுத்தினவர்கள் ஆஸ்பத்திரியில் வந்து படுக்கிறார்கள்.

அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய மருத்துவ நூலகம் 'மெட்லைன்பிளஸ்' என்று ஒரு தளம் நடத்துகிறது. எளிய ஆங்கிலத்தில் நோய், மருந்து, பரிசோதனை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். விளம்பரம் கிடையாது. காசு கிடையாது. பக்கத்தின் அடியில் எப்போது சரிபார்த்தார்கள் என்று தேதி போட்டிருக்கும். டாக்டர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் பார்க்கிற 'பப்மெட்' என்ற தளமும் அந்த நூலகத்துடையதுதான். 3.7 கோடிக்கு மேற்பட்ட மருத்துவக் கட்டுரைகளின் குறிப்புகள் அதில் இருக்கின்றன. ஆங்கிலம் படிக்கிற பெண்ணோ பிள்ளையோ வீட்டில் இருந்தால், படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இதைப் பார்த்துவிட்டு நாமே வைத்தியம் பண்ணிக்கொள்ளக் கூடாது. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்குத்தான் இது.

யார் சொன்னது, எப்போது சொன்னது, எதை வைத்துச் சொன்னது: இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நூல் நிலையம் சொல்லிக் கொடுக்கிற பாடம். தங்கம் வாங்கப் போனால் முத்திரை பார்க்காமல் வாங்குவோமா?

* * *

கடைசியாக ஒரு வருத்தம், அதோடு ஒரு விண்ணப்பம்.

சந்தா கட்டிய கதவின் சாவி, மாணவியாக இருக்கிற வரைக்கும்தான். பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், பொதுவாக அந்தப் பயனர் பெயரும் போய்விடும். பையனுக்கு வேலை கிடைத்தால் வேலை பார்க்கிற இடத்தில் இன்னொரு சாவி கிடைக்கலாம். பெண்ணுக்குக் கல்யாணமாகி, இரண்டு குழந்தை பிறந்து, பத்து வருஷம் கழித்து மறுபடியும் படிக்க வேண்டும் என்று ஆசை வருகிறபோது, அவள் கையில் பட்டம் இருக்கும், சாவி இராது. தேடத் தெரிந்தவள், பொறுக்கத் தெரிந்தவள், வாசலில் நிற்பாள்.

1948-ல் லேடி டோக் கல்லூரி ஆரம்பித்ததிலிருந்து மதுரையில் படித்துப் பட்டம் வாங்கிய பெண்களின் தொகை கொஞ்சமல்ல. அவர்களில் வீட்டோடு இருக்கிறவர்களுக்காகக் கல்லூரிகளும் பல்கலைக் கழகமும் ஒரு காரியம் செய்யலாம். பழைய மாணவிகள் வாரத்துக்கு ஒரு நாள் நூல் நிலையத்துக்கு வந்து, அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் தேடிப் படிக்க, சந்தா ஒப்பந்தம் இடம் கொடுக்கிற அளவுக்கு அனுமதி தரட்டும். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி போதும். பெரிய செலவில்லை. நகரத்துக்குள்ளேயே, புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அது பொது நூலகம். அங்கே போய் உட்காருவதற்குக் கல்லூரிச் சீட்டு வேண்டியதில்லை. குழந்தைகளுக்கும் தனி இடம் உண்டு. வீட்டில் இடமும் அமைதியும் இல்லாதவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

சகோதரிகளே, நீங்கள் படித்த கல்லூரிக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். 'பழைய மாணவிக்கு நூல் நிலையத்தில் இடம் உண்டா?' என்று மட்டும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் வரும். நூறு பேர் கேட்டால் நாற்காலி வரும்.